தோள் வலிக்கு ஒரு யோசனை

கொஞ்ச நாள் முன்புவரை எங்கள் வீட்டு மாடியில் ஒரு மௌனப் போராட்டம். இரண்டு பெண்கள். ஒரே அறை, ஒரே அடுப்பு, துணி காயப்போட ஒரே கொடி. ஆனால் பேச்சு கிடையாது. ஒருத்தி சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் இன்னொருத்தி எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால் எனக்குப் பழக்கம்தான். ஓசூரில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற எல்லோருக்கும் பழக்கம்தான். தமிழில் ஆரம்பிக்கும், தெலுங்கில் சூடு பிடிக்கும், கன்னடத்தில் சமாதானம் ஆகும். ஆனால் சத்தமே இல்லாத சண்டையை என்ன செய்வது? எந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நடுவில் போவது?

இத்தனைக்கும் காரணம் ஒரு பரிசு. அவர்களில் ஒருத்திக்கு ஃபேக்டரியில் ‘சிறந்த ஊழியர்’ பரிசு கிடைத்தது.

அதை மேடையில் நின்று எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? அடியேன்தான்!

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். பரிசு வாங்கியவள் சுமதி. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் இல்லை என்கிற மாதிரி நிலம். படபடவென்று பேசுவாள். எதைப் பார்த்தாலும் ‘இத இப்படி வெச்சா ஈஸியா இருக்குமே’ என்பாள். எங்கள் வீட்டு கேட் திறக்கும்போதெல்லாம் தெருவையே கூப்பிடும். எங்கிருந்தோ பழைய சைக்கிள் டியூபைக் கொண்டுவந்து, துண்டு போட்டு, தாழ்ப்பாளில் மாட்டினாள். அன்றோடு கேட் ஊமையாகிவிட்டது.

இன்னொருத்தி மஞ்சுளா. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டை ஒட்டின ஊர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று மொழி தெரியும்... மூன்றிலுமே அதிகம் பேசமாட்டாள். சிரிப்பாள், அவ்வளவுதான். அவர்கள் நிலத்தில் ராகி போடுகிறார்கள். கதிர் முற்றுகிற சமயம் பார்த்து யானை வந்துவிடும். ராகி வீட்டுக்கு வருமா, யானைக்குப் போகுமா என்று அறுக்கிற வரைக்கும் தெரியாத குடும்பம் அது. மாதம் தவறாமல் வருவது மஞ்சுளாவின் சம்பளம் மட்டும்தான். அதில்தான் வீடு நடக்கிறது, தங்கை நர்ஸிங் படிக்கிறாள்.

இரண்டு பேரும் ஒரே ஃபேக்டரி. வண்டிகளுக்குள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி அனுப்புகிற இடம். பெயர் வேண்டாம். இருவருமே கான்ட்ராக்ட் ஆட்கள். அதாவது வேலை செய்வது ஃபேக்டரியில். ஆனால் ஆள் ஏஜென்சியைச் சேர்ந்தவர். இந்த வித்தியாசம் நல்ல நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சுமதி டேப் சுற்றுவாள். சுற்றி முடித்த கட்டுகளை ட்ரேயில் அடுக்கிவைத்தால், அதைத் தூக்கிக்கொண்டுபோய் டெஸ்டிங் டேபிளில் வைப்பது மஞ்சுளாவின் வேலை. ஷிஃப்ட் முழுக்க இதுதான். தூக்கு, நட, வை, திரும்பி வா. காலையில் சிரித்த முகத்தோடு போகிற பெண், சாயங்காலம் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டே படியேறுவாள். தலை சீவக்கூடக் கை தூக்க முடியாமல் போய், கடைசியில் சுமதிதான் அவளுக்குப் பின்னல் போட்டுவிடுவாள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருத்தி படியில் உட்கார்ந்திருப்பாள். மேல் படியில் இன்னொருத்தி, வாயில் ரப்பர் பேண்டைக் கடித்துக்கொண்டு.

அப்படிப் பின்னல் போடும்போதுதான் சுமதிக்கு யோசனை வந்திருக்க வேண்டும்.

இந்த ஊர் ஃபேக்டரிகளில் ‘கைஸன்’ என்று ஒரு வார்த்தை புழங்கும். ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்தது. வேறொன்றுமில்லை... ஒரு வேலையை எப்படிச் சுலபமாக்கலாம் என்று, அதைச் செய்கிறவரே யோசனை சொல்வது. நல்ல யோசனையாக இருந்தால் உடனே செய்துபார்ப்பார்கள். பரிசு உண்டு, கைதட்டல் உண்டு, நோட்டீஸ் போர்டில் போட்டோவும் உண்டு. ஓசூரில் டீக்கடையில்கூட ‘மாஸ்டர், இந்த கிளாஸ் அலம்புற இடத்துல ஒரு கைஸன் போடுங்க’ என்று கிண்டல் செய்வார்கள்.

சுமதி சொன்ன யோசனை இவ்வளவுதான். வீணாய்க் கிடக்கிற பைப்புகளை இணைத்து, நடுவில் சின்னச் சின்ன உருளைகள் வைத்து, அவர்கள் டேபிளிலிருந்து டெஸ்டிங் டேபிள் வரைக்கும் ஒரு சரிவு. ட்ரேயை இந்தப் பக்கம் வைத்து லேசாகத் தள்ளினால் போதும். தானே வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். யாரும் தூக்க வேண்டாம்.

யாரும் தூக்க வேண்டாம்... இந்த மூன்று வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெயின்டனன்ஸ் ஆட்கள் செய்துபார்த்தார்கள். அருமையாக ஓடியது. பரிசளிப்பு விழா என்று முடிவானது. சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிடலாம்? பத்திரிகையில் வாரா வாரம் எழுதுகிற ஒரு அம்மா இங்கேயேதான் இருக்கிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார், சால்வையோடு திருப்தியாகிவிடுவார் என்று யாரோ சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போனேன். தலைப்பு: ‘நல்ல ஊழியரின் நற்குணங்கள்’.

அந்த ஹாலில் சுவர் முழுக்கப் படங்கள். சுமை தூக்குகிற எறும்பு - கீழே ‘உழைப்பு’. பறக்கிற கழுகு - ‘உயர்ந்த நோக்கம்’. கைகள் ஒன்றன்மேல் ஒன்று - ‘குழு உணர்வு’. இந்தப் படங்களை எல்லா ஃபேக்டரிகளுக்கும் யார் சப்ளை செய்கிறார்களோ, அவர்தான் இந்த மாவட்டத்தில் நிம்மதியாகத் தொழில் செய்கிறவர் என்று நினைக்கிறேன்.

நானும் வெளுத்துவாங்கினேன். நேரம் தவறாமை. பொறுப்பு. உண்மை. யாரும் சொல்லாமலே ஒரு காரியத்தை எடுத்துச் செய்கிற முனைப்பு. பக்கத்தில் இருக்கிறவரின் கஷ்டத்தைப் பார்க்கிற கண். ‘முதலாளிகள் மார்க் ஷீட்டை ஒரு தடவைதான் பார்ப்பார்கள், குணத்தைத் தினமும் பார்ப்பார்கள்’ என்றேன். நல்ல கைதட்டல். பாலிடெக்னிக் மாணவர்களிடம் போனாலும் இதையேதான் சொல்வேன். அங்கேயும் இந்த இடத்தில்தான் கைதட்டுவார்கள்.

அப்புறம் ஸ்கிரீனில் இரண்டு போட்டோ காட்டினார்கள். கைஸன் என்றால் எப்போதும் இரண்டு போட்டோ. ‘முன்’, ‘பின்’.

‘முன்’ போட்டோவில் மஞ்சுளா ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். சுமதி சிரிக்கச் சொல்லியிருப்பாள் போல... பல் தெரியச் சிரிப்பு. ‘பின்’ போட்டோவில் புத்தம் புதுசாக, மஞ்சள் பெயின்ட் அடித்த சரிவு. மேலே ஒரு ட்ரே. வேறு யாரும் இல்லை.

நானும்தான் பார்த்தேன். சரிவு பளிச்சென்று இருந்தது.

மைக் பிடித்தவர் இங்கிலீஷில் பலன்களைக் கடகடவென்று வாசித்தார். டைம் சேவிங், ஸ்பேஸ் சேவிங், மேன்பவர் சேவிங். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். முன்வரிசையில் மஞ்சுளாதான் எல்லோருக்கும் முன்னால் தட்டினாள். தோழிக்குப் பரிசு கிடைக்கிறது, தட்டாமல் இருப்பாளா? நான் சுமதியின் கையில் ஒரு சான்றிதழையும் ஹாட் பாக்ஸையும் கொடுத்தேன். சூப்பர்வைசர் மைக்கை வாங்கி, ‘சுமதி மாதிரி ஆளுங்கள கம்பெனி ரோல்ல எடுக்கணும்’ என்றார். கம்பெனி ரோல் என்றால் நிரந்தர வேலை; கான்ட்ராக்ட் ஆளுக்கு அதைவிட இனிப்பான வார்த்தை வேறு இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் விழாவை வர்ணித்தேன். அவர் ஒரு ஃபேக்டரியில் காலம் முழுக்கத் தள்ளிவிட்டு ரிட்டயர் ஆனவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப அந்த ட்ரேய முன்னாடி தூக்கிட்டிருந்தது யாரு?”

“மஞ்சுளா.”

“ம்.”

அவ்வளவுதான். பேப்பரைத் திருப்பிக்கொண்டார். இந்த மனிதர் எப்போதும் இப்படித்தான் எதையாவது சந்தேகப்படுவார் என்று நான் குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டேன்.

மறுநாள் மாடியிலிருந்து இரண்டு பேரும் ஹாட் பாக்ஸ் நிறைய எலுமிச்சை சாதத்தோடு இறங்கி வந்தார்கள். “மொதல்ல ஒங்களுக்குத்தான்க்கா” என்றாள் சுமதி. மஞ்சுளா தன் தோளைச் சுழற்றிக் காட்டிச் சிரித்தாள்.

“இப்ப பர்வால்லக்கா. இனிமே இவ ஜடை போட வேணாம். நானே போட்டுக்குவன்.”

அடுத்த வாரமே ஏஜென்சியிலிருந்து மஞ்சுளாவுக்குப் போன் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம், கூப்பிடும்போது வந்தால் போதும்.

அவள் ஏதோ லீவு என்று நினைத்துக்கொண்டாள். நல்லதாகப் போயிற்று, ஊருக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று துணிகூட எடுத்துவைத்தாள். சுமதிக்குத்தான் முதலில் உறைத்தது. ஷிஃப்டுக்குப் போனவள் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ட்ரே போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. இனிமேல் மஞ்சுளா எங்கே நிற்பாள்?

நேரே சூப்பர்வைசரிடம் ஓடியிருக்கிறாள். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

“சார், அந்த ஐடியா சரியில்ல சார், ட்ரே மாட்டிக்குது, தூக்கிப் போட்டுடுங்கன்னு சொன்னன்க்கா. அவரு வந்து தள்ளிப் பாத்தாரு. எங்க மாட்டுது? நல்லாதான போவுதுன்னாரு. மறுக்காவும் தள்ளனாரு. நல்லாதான்க்கா போச்சு. நான்தான பாத்துப் பாத்து உருளயெல்லாம் வெக்கச் சொன்னன்...”

“அப்புறம்?”

“அவளுக்குப் பதிலா என்ன நிறுத்திடுங்க சார்னன். ஒன்ன மாதிரி ஆள நாங்க விடுவமான்னு சிரிக்கிறாரு.”

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “தூக்கறது இல்லன்னா அவளுக்கு நோவாதுன்னுதான்க்கா சொன்னன். அதுக்கோசரம்தான் சொன்னன். பாரத்தக் கொறைக்கச் சொன்னா ஆளயே கொறைச்சிட்டாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. பரிசு கொடுத்த கை அல்லவா? மறுநாளே ஃபேக்டரிக்குப் போனேன். ஹெச்.ஆர். மேனேஜர் இளைஞர், மரியாதையான பிள்ளை. என் பேச்சைக் கேட்டதுமே, ‘மேடம், நீங்க விருதுநகர்ப் பக்கமா? நான் மதுரை’ என்று முகம் மலர்ந்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. நான் விஷயத்துக்கு வந்தேன்.

“மஞ்சுளா எப்படித் தம்பி? ஏதாவது கம்ப்ளெய்ன்ட்டா?”

“அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்ல மேடம். எக்ஸலன்ட். லீவே போட மாட்டாங்க. லேட்டா வந்ததே கெடையாது. யாரோடயும் ஒரு பிரச்சினை இல்ல. ஆட்டிட்யூட் பத்துக்குப் பத்து.”

“அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?”

“நாங்க எங்க மேடம் நிறுத்துனோம்? எங்க ரிக்வயர்மென்ட்ல ஒண்ணு குறைஞ்சிருச்சு. ஏஜென்சிக்குத் தகவல் சொன்னோம். அவங்கதான் யாருன்னு பார்க்கணும்.”

“வேற டேபிள்ல போடக் கூடாதா?”

“வேகன்ஸி வந்தா ஏஜென்சிகிட்ட சொல்லுவோம் மேடம்.”

ஏஜென்சிக்குப் போன் போட்டேன். ‘கம்பெனி கேட்டா நாளைக்கே அனுப்பிச்சிடுவோம்மா, எங்களுக்கென்ன’ என்றார்கள். கம்பெனி ஏஜென்சியைக் காட்டுகிறது, ஏஜென்சி கம்பெனியைக் காட்டுகிறது. நடுவில் நான் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். யார்மீது கோபப்படுவது? கத்துவதற்காவது ஒரு முகம் வேண்டாமா?

கிளம்பும்போது அந்தப் பிள்ளை வாசல் வரைக்கும் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் முடியாதுன்னு சொன்னா, இதே சீட்ல உக்காந்து முடியும்னு சொல்ல வேற ஆள் இருக்காங்க.”

பொய் சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஒரு கெட்டவனாவது அகப்பட்டிருந்தால் இந்தப் பத்தியை எழுதுவது எவ்வளவு சுலபம்! நானும் நாலு வார்த்தை காட்டமாகத் திட்டி எழுதியிருப்பேன், நீங்களும் படித்துவிட்டு ‘சபாஷ்’ என்று எனக்குக் கடிதம் போட்டிருப்பீர்கள். இங்கே எல்லோரும் நல்லவர்கள். சுமதி நல்லவள், மஞ்சுளா நல்லவள், சூப்பர்வைசர் உண்மையாகவே நல்ல யோசனையைப் பாராட்டினார், ஹெச்.ஆர். பிள்ளை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணை வெளியே தள்ளியிருக்கிறோம். அந்தச் சரிவில் ட்ரே போகிற மாதிரி, யாரும் கையால் தள்ளின மாதிரியே தெரியாமல்.

மஞ்சுளா வேறு வேலை தேட ஆரம்பித்தாள். காலையில் கிளம்பி ஒவ்வொரு ஃபேக்டரி கேட்டாக நின்றாள். குருபரப்பள்ளியில் ஹைவேயை ஒட்டி ஓரிடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் பஸ் பிடித்துப் போனாள். இதுவரை என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். ட்ரே தூக்கினேன் என்றிருக்கிறாள். ‘அதுக்கெல்லாம் இங்க கன்வேயர் இருக்குதும்மா’ என்று பதில்.

அடுத்த இன்டர்வியூவுக்கு நான் தயார் செய்கிறேன் என்று அவளை உட்காரவைத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? இதைத்தானே ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

“உன்னோட பலம் என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?”

யோசித்தாள். “நல்லா தூக்குவன்க்கா.”

“அப்படிச் சொல்லக் கூடாது. சொன்ன நேரத்துக்கு வருவேன், பொறுப்பா இருப்பேன், இன்னும் நல்லா செய்ய நானே யோசனை சொல்லுவேன்னு...”

சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

“மொதல் ரெண்டும் சொல்றன். மூணாவது நான் சொல்லமாட்டன்க்கா. அங்கயும் என்ன மாதிரி ஒருத்தி தூக்கினு இருப்பா.”

 இன்டர்வியூ பயிற்சி அத்தோடு முடிந்தது.

மாடியில் மௌனம் தொடங்கியதும் அந்த வாரம்தான். சுமதி தினமும் ஏதாவது பேசிப் பார்ப்பாள். ‘மஞ்சு, காபி போடட்டா?’, ‘மஞ்சு, அந்தக் கம்பெனில கூப்ட்டாங்களா?’. எதற்கும் பதில் வராது. பரிசு வாங்கிய ஹாட் பாக்ஸைச் சுமதி எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. அடுப்பு மேடையில் காணோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளா பையோடு கீழே இறங்கி வந்தாள். ஊருக்குப் போகிறேன் என்றாள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுவிடுவதற்காக நான் ஸ்கூட்டரை எடுத்தேன். சுமதியும் பின்னாலேயே ஓடி வந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை.

“மஞ்சு, ஒரு வார்த்த திட்டிட்டாவது போ. அடிச்சிட்டாவது போடி.”

மஞ்சுளா பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் சுமதியின் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நீ ஒண்ணும் தப்பு செய்யல சுமி. எனக்கு நோவுதுன்னு ஒன்கிட்ட சொன்னன் பாரு... அதான் தப்பு. இனிமே யார்கிட்டயும் சொல்லமாட்டன்.”

தேன்கனிக்கோட்டை பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தேன். அவள் சிரிக்கத்தான் முயற்சி செய்தாள். வேலை கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று நான் ஒரு பொய் சொன்னேன். சரிக்கா என்று அவளும் ஒரு பொய் சொன்னாள். தங்கையின் படிப்பு என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன்... கேட்கவில்லை. கேட்டு நான் என்ன செய்துவிடப் போகிறேன்?

திரும்பி வருகிற வழியெல்லாம் என் லிஸ்ட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். நேரம் தவறாமை, பொறுப்பு, உண்மை, முனைப்பு, பக்கத்தில் இருக்கிறவரின் கஷ்டத்தைப் பார்க்கிற கண்... இதில் மஞ்சுளாவிடம் இல்லாதது எது? சுமதியிடம் இல்லாதது எது? வேலை கொடுக்கிறவர்கள் கேட்கிற குணம் அத்தனையும் இந்த இரண்டு பெண்களிடம் கொட்டிக் கிடந்தது. கேட்டதையெல்லாம் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு ஒருத்தி பஸ்ஸில் போகிறாள். இன்னொருத்தி வெறுங்காலோடு கேட்டில் நிற்கிறாள். நான் மாணவர்களிடம் போய் இனிமேல் எதைச் சொல்ல? நல்லவர்களாக இருங்கள், ஆனால் உங்கள் நல்ல குணம் யார் வயிற்றில் போய் அடிக்கும் என்று எங்களுக்கும் தெரியாது என்றா?

உங்களில் சிலர் எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். ‘தொழில் வளர வேண்டாமா? மனிதர்கள் காலம் முழுக்க ட்ரே தூக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?’ என்று. வேண்டாம். தூக்கவே வேண்டாம். சுமதியும் அதைத்தானே சொன்னாள்? சுமை போன பிறகு, அதைத் தூக்கின ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாமே என்றுதான் கேட்கிறேன். அவ்வளவு பெரிய ஹாலில் ஒரு நாற்காலிக்கு இடமில்லையா?

சரி, மஞ்சுளா போய்விட்டாள். சுமதி இப்போது எப்படி இருக்கிறாள்?

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் சரியில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன சுமதி?”

“சூப்பர்வைசர் கூப்ட்டுப் பேசனாருக்கா. முன்ன மாதிரி இல்ல நீன்னாரு. எல்லாரும் மாசத்துக்கு ஒரு யோசன தராங்க, நீ தரவே இல்ல, ஒன் ஆட்டிட்யூட் மாறிடுச்சு. கம்பெனி ரோலுக்கு ஒன் பேரச் சொல்லலாம்னு இருந்தன், இப்ப எப்படிச் சொல்றதுன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமா சார்னன்.”

“யோசனையே வரலையா உனக்கு?”

 கண்ணில் தண்ணீர் நின்றது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பக்கத்து டேபிளில் தனலட்சுமி என்று ஒரு அம்மா. நாள் முழுக்கக் கட்டை விரலால் கிளிப்பை அழுத்தி அழுத்தி மாட்ட வேண்டும். விரல் வீங்கி, இட்லி பிட்டுச் சாப்பிடக்கூட முடியவில்லையாம்.

“காலால மிதிக்கிற மாதிரி ஒரு ஸ்டேண்டு வெச்சா போதும்க்கா. வெரலே படாம தானா மாட்டிக்கும். எப்பிடி செய்யறதுன்னுகூட எனக்குத் தெரியும்.”

“சொல்லலாமே?”

“சொன்னா வேகமா முடிஞ்சிரும். ஒரே ஆளு ரெண்டு டேபிள் பாத்துக்கலாம்க்கா.” என்னைப் பார்த்தாள். “அவுங்களுக்கு ரெண்டும் பொண்ணு. வூட்டுக்காரரு இல்ல.”

 எந்தப் பேச்சைப் பேச? கம்பெனி ரோல், சம்பள உயர்வு, ஊத்தங்கரையில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு ஒரு நிம்மதி... எல்லாமே அந்த ஒரு யோசனைக்குப் பின்னால் இருக்கிறது. வாயைத் திறந்தால் கிடைத்துவிடும். பக்கத்தில் ஒரு விரல் வீங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டு, மருந்து தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அதற்குச் சம்பளமாக ‘ஆட்டிட்யூட் சரியில்லை’ என்ற பெயரையும் வாங்கிக்கொள்கிறாள்.

எழுந்து போகும்போது அவள் பை சாய்ந்து, உள்ளேயிருந்து ஒரு சின்ன பாட்டில் உருண்டு வந்து படியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். தைலம்.

“உனக்கா? எங்க வலிக்குது?”

“எனக்கு இல்லக்கா. தனலட்சுமி அக்காவுக்கு. சாப்பாட்டு நேரத்துல நான்தான் தேச்சி வுடறன்.” பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு படி ஏறினவள் நின்று திரும்பினாள்.

“தைலத்தால யாருக்கும் வேல போவாதுல்லக்கா?”